பேதியுப்பும் பாரன்கைமாவும்

மரக்காணம் உப்பளத்து வரப்பில் உமரி மண்டிக் கிடக்கும். ஒரு கணுவைக் கிள்ளி நசுக்கினால் விரலெல்லாம் ஈரம். நக்கிப் பார்த்தால் கரிக்கும். அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் திசுவுக்குப் பாரன்கைமா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரைத் தப்பாக எழுதி நான் வாங்கிய குட்டுகளுக்கு யார் பொறுப்பு என்று பிற்பாடு துருவிப் பார்த்தேன்.

ஆதி குற்றவாளி எராசிஸ்ட்ராட்டஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர். கல்லீரல் சதையைப் பார்த்துவிட்டு, இது ரத்தம் கசிந்து ஊற்றிக் கட்டிப்போனது என்று தீர்ப்புச் சொன்னார். ‘பக்கத்தில் ஊற்றியது’ என்பதுதான் பாரன்கைமாவின் அர்த்தம். தீர்ப்பு தப்பு. பெயர் மட்டும் சாகாமல் கிடந்தது.

அதை எடுத்துச் செடிக்குச் சூட்டியவர் நெகமையா க்ரூ என்ற ஆங்கிலேய டாக்டர். தண்டையும் வேரையும் அறுத்து அறுத்துப் பார்த்து எழுதினார். 1671 டிசம்பர் 7 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் புத்தகம் வைக்கப்பட்டது. அதே நாளில், அதே விஷயத்தைப் பற்றி, இத்தாலியிலிருந்து மால்பீகி என்பவரின் கையெழுத்துப் பிரதியும் வந்து நின்றது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மாப்பிள்ளை! 1682இல் க்ரூ பெரிய புத்தகமே போட்டார். செடியின் உள்ளே லேஸ் பின்னல் போல இருக்கிறதாம். மரக்காணத்துக்காரராக இருந்திருந்தால் கீற்று முடைந்தது போல என்றிருப்பார்.

தண்டை அறுத்தால் உலை கொதிக்குமா? மனுஷர் உப்புக்கு வந்தார். எப்சம் ஊர்த் தண்ணீரில் கிடைத்த கசப்பு உப்பைப் பற்றி 1695இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பிரான்சிஸ் மோல்ட் என்ற மருந்து வியாபாரி அதைக் கேட்காமல் கொள்ளாமல் இங்கிலீஷில் பெயர்த்துப் போட்டு, அதே சரக்கை மலிவாகவும் விற்றார். க்ரூ கொதித்துப்போய் 1698இல் ராஜாவிடம் காப்புரிமை வாங்கினார். அந்தச் சரக்குதான் நம் பேதியுப்பு, மக்னீசியம் சல்பேட். மரக்காணத்தில் உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சுகிறதே கசப்புத் தண்ணீர், அந்தக் கசப்பும் மக்னீசிய உப்புகளால் வருவதுதான். செடித் திசுவின் பிதாமகர் சண்டை போட்டதெல்லாம் நாம் வழித்துக் கொட்டுகிற சமாசாரத்துக்கு.

செடிக்கு க்ரூ போல, விலங்குத் திசுவைப் பிரித்துச் சொன்னவர் பிரெஞ்சுக்காரர் பிஷா. அவர் மைக்ராஸ்கோப்பை நம்பவே இல்லை. பிணங்களிலிருந்து எடுத்த துண்டுகளை வேகவைத்தார், காயவைத்தார், ஊறவைத்தார், அழுகவிட்டார். எது கரைகிறது, எது இறுகுகிறது என்று பார்த்து 1801இல் 21 வகை என்றார். இப்போது நாலாகச் சுருங்கிவிட்டது. இந்த மாதிரிச் சோதனை நமக்குப் புதிதல்ல; மீன் சதையின் நீரை உப்பு இழுத்துவிடும், முள்ளை ஒன்றும் செய்யாது என்று கருவாடு போடும் எந்த ஆயாவும் சொல்லும். பிஷா 1802இல் படிக்கட்டில் விழுந்து, 30 வயதிலேயே போய்ச் சேர்ந்தார்.

திசு என்பதே பிரெஞ்சுச் சொல்தான்; அங்கே அதற்கு நெய்த துணி என்று பொருள். நாம் அதைத் திசு என்று அப்படியே வைத்துக்கொண்டோம். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் இழையம் என்று படிக்கிறார்கள். நூல் அங்கேதான் அறுபடாமல் இருக்கிறது.

உமரியைச் சமைப்பதாக இருந்தால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்புப் போடாதீர்கள்.