வீட்டு நாயின் தன்னாற்றுத் திணைகள்

தன்னாற்றுச் செயல் என்பது, ஏவுவார் எவரும் இன்றி, வெளிப்பயன் ஏதும் இன்றி, வீட்டு நாய் தன் மனத்தை ஆற்றிக்கொள்ளும் பொருட்டு ஒரே விதமாகத் திரும்பத் திரும்பச் செய்வது. வாலைத் துரத்தல், போர்வையைச் சப்பல், தரையை நக்கல், இல்லாத ஈயைக் கவ்வல், மொசைக் தரையில் பள்ளம் தோண்டல் ஆகியவை இதில் அடங்கும். தபால்காரரைக் கண்டு குரைத்தல் அடங்காது. அதற்கு வெளிப்பயன் உண்டு: குரைத்த ஒவ்வொரு முறையும் தபால்காரர் போய்விடுகிறார்.

சங்க அகப்பாடல்களுக்குப் போலவே இச்செயல்களுக்கும் முதல், கரு, உரி என்னும் மூன்று பொருளும் உண்டு. நிலம், சோபாவும் கட்டிலடியும் வாசல் மிதியடியும். சிறுபொழுது, வீட்டார் வண்டிச்சாவியைக் கையில் எடுக்கும் நேரம். பெரும்பொழுது, தீபாவளியை ஒட்டிய வாரம். கருப்பொருள், ஒற்றைச் செருப்பு, பழைய புடவைத் துண்டு, பஞ்சு பிதுங்கிய பொம்மை. உரிப்பொருளும் வழக்கம்போல் ஐந்து. பாலைக்குரிய பிரிவு கதவு சாத்தியதும் தொடங்குகிறது. முல்லைக்குரிய இருத்தல் மாடிப்படியில் காலடி கேட்கும்வரை நீள்கிறது. நெய்தலுக்குரிய இரங்கல் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நிகழ்கிறது. மருதத்துக்குரிய ஊடல், வீட்டுக்காரரின் பேண்ட்டில் வேறொரு நாயின் வாடை வீசிய அன்று தோன்றுகிறது. குறிஞ்சி, விருந்தினர் முன்னிலையில் சோபாத் தலையணையோடு நிகழ்வதால் இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

இவற்றின் காரணம் பற்றி வீடுகளில் மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. “வயித்துல பூச்சி இருக்கும்” என்பது பாட்டி கொள்கை. “அதுக்கு போரடிக்குது” என்பது பேரன் கொள்கை. “நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்” என்பது அத்தை கொள்கை. மூன்றும் இனி வாய்த்த இடங்களில் சோதிக்கப்படும்.

சுழலல்

படுக்குமுன் இரண்டு மூன்று சுற்று சுற்றுவது இதன் எளிய வடிவம். கம்பளத்தின்மேல் நாய் இப்படிச் சுற்றுவதை, புல்லை மிதித்துப் படுக்கை அமைத்த காட்டு மூதாதையரின் எச்சம் என்று சார்லஸ் டார்வின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் 1872ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். மலங்கழிக்குமுன் சுற்றிச் சுற்றி நாய் தேர்ந்துகொள்ளும் திசைக்குத் தனி ஆய்வே உண்டு. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை இக்கோலத்தில் கவனித்து, புவியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது அவை வடக்கு தெற்காக உடலை வைத்துக்கொள்ள விரும்புவதாக 2013இல் எழுதினர். மறு ஆண்டு அவர்களுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. நாய்க்கும் வாஸ்து உண்டு என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரமாகும்.

வாலைத் துரத்துவது வேறு. புல் டெரியர், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இது மிகுதி. பின்லாந்தில் 368 நாய்களைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்ட குட்டிகளிடம் வால் துரத்தல் கூடுதலாகவும், வைட்டமினும் தாதுச்சத்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட நாய்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆயினும் உணவைக் குறை சொல்ல வாய்ப்பு கிடைத்ததால் பாட்டி தரப்பு இதைத் தன் பக்கச் சான்றாகவே கொள்ளும்.

சப்பல்

போர்வை நுனியையோ தன் விலாவையோ வாயில் வைத்துக் கண்ணை மூடிச் சப்புவது டாபர்மேன் இனத்தில் மிகுதி. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் டாட்மன் குழுவினர், இப்பழக்கத்துக்கும் நாயின் 7ஆம் குரோமோசோமில் ஒரு பகுதிக்கும் தொடர்பு இருப்பதை 2010இல் காட்டினர். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் புரதத்துக்கான மரபணு அங்கே இருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் புரதத்தில் வேறுபாடு உள்ள நாய் போர்வையோடு ஒட்டிக்கொள்கிறது என்று சுருக்கிச் சொல்வது கேட்க நன்றாக இருக்கும்; அறிவியல் ஆகாது.

குழந்தைகள் விடாமல் தூக்கித் திரியும் துணியைப் பற்றி ஆங்கிலேய மனப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட் 1953இல் வெளியிட்ட கட்டுரை இங்கே பொருந்தும். அத்துணியைத் துவைத்தால் குழந்தைக்கு அதனோடுள்ள தொடர்ச்சி அறுந்துபோகும் என்பது அவர் கருத்து. நாயின் போர்வையை ஞாயிறுதோறும் வாஷிங் மெஷினில் போடும் வீட்டார் கவனிக்க வேண்டிய செய்தி இது. துவைத்த போர்வையை நாய் முதலில் மோந்து, பின்பு வீட்டாரைப் பார்த்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

நக்கல்

இது தன்னை நக்கல், தரையை நக்கல் என இருவகைப்படும். முன்னங்காலின் மணிக்கட்டுப் பக்கத்தை நாய் விடாமல் நக்கினால் முடி உதிர்ந்து, தோல் தடித்து, புண்ணாகும். புண் அரிக்கும், அரித்தால் நாய் மீண்டும் நக்கும். மனிதரின் ஓயாத கை கழுவல் நோயைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மனநல மருத்துவர் ஜூடித் ராப்பபோர்ட், அந்நோய்க்குத் தரும் குளோமிப்ரமின் மருந்தையே இத்தகைய நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நக்கல் குறைந்ததை 1992இல் வெளியிட்டார்.

தரையையும் சுவரையும் நக்கும் 19 நாய்களை மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் குழுவினர் முழுமையாகப் பரிசோதித்தபோது, 14 நாய்களுக்கு இரைப்பை அல்லது குடலில் கோளாறு இருந்தது. பூச்சியென்று சொல்ல முடியாவிட்டாலும் வயிறு என்பது உறுதியாயிற்று. பாட்டி கொள்கைக்கு அறிவியல் அளித்த மிகப் பெரிய ஆதரவு இதுவே. பாட்டி இதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு முன்பே தெரியும்.

வெற்றுவெளி கவ்வல்

நாய் திடீரெனத் தலையை உயர்த்தி, காற்றில் எதையோ பார்த்து, வாயால் கவ்வுகிறது. அங்கே ஈ இல்லை. அத்தை கொள்கை பிறந்த இடம் இது. பறவைகளிலும் இது உண்டு: விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் வளர்த்த ஸ்டார்லிங் பறவை ஒன்று, வயிறு நிறைந்திருந்தும், இல்லாத பூச்சியைப் பறந்து பிடித்து, அடித்துக் கொன்று, விழுங்கியது. வேட்டைக்கு வழியில்லாதபோது வேட்டைச் செயல் தானாகவே வெளிப்படுகிறது என்று அவர் கருதினார். பேரன் கொள்கை இதனால் வலுப்பெறுகிறது. மாண்ட்ரியல் குழுவினரோ, ஈ கவ்வும் 7 நாய்களைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் செரிமானக் கோளாற்றையே கண்டனர். சில நாய்களில் இது வலிப்பின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அத்தைக்கு ஆதரவான முடிவு இதுவரை வரவில்லை. எனினும் நாய் கவ்விய இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அத்தை உட்காருவதில்லை.

நிழலையும் ஒளியையும் துரத்துவது இதன் கிளை. பார்டர் கோலி இனத்தில் இது எளிதில் தொற்றிக்கொள்ளும். லேசர் விளக்கைச் சுவரில் ஆட்டி விளையாட்டுக் காட்டும் வீடுகளில் நாய் பிற்பாடு கைக்கடிகாரத்தின் மினுமினுப்பையும் விடாது.

பொதுக்காரணம்

வயிறு காரணமான இடங்கள் போக, மேற்கண்ட வகைகளில் பேரன் கொள்கை பெரிதும் நிற்கிறது. பார்டர் கோலி ஆடு மேய்க்கவும், சிப்பிப்பாறை முயல் விரட்டவும் வளர்க்கப்பட்டவை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஆடும் இல்லை, முயலும் இல்லை; வால் மட்டும் இருக்கிறது. இதோடு வீட்டாரின் பங்கும் சேர்கிறது. குறித்த இடைவெளியில் தீனி விழுந்த கூண்டில், தீனி வந்தபோது தற்செயலாகச் செய்த செயலையே புறாக்கள் பிடித்துக்கொண்டதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948இல் பதிவு செய்தார். ஒரு புறா இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. வாலைத் துரத்தும் நாயைக் கண்டு வீடே கூடிச் சிரித்து, செல்போனில் படமெடுத்து, பிஸ்கட்டும் கொடுத்தால் ஸ்கின்னரின் கூண்டுக்கும் கூடத்துக்கும் வேறுபாடு இல்லை.

எல்லையும் விலக்கும்

பழக்கம் எங்கே நோயாகிறது என்பதற்குச் சோதனை எளிது. பெயர் சொல்லி அழைத்தால், அல்லது சோற்றுத் தட்டின் ஓசை கேட்டால், நாய் விட்டுவிட்டு வருமானால் அது பழக்கம். வராவிட்டாலோ, தோல் புண்ணானாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ அது நோய். அப்போது முதலில் கால்நடை மருத்துவர் தோலையும் வயிற்றையும் நரம்பையும் பார்க்க வேண்டும். மனத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே. திட்டுவதால் பதற்றம் கூடும். நடையும், மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டும், தவறாத நேர ஒழுங்கும் முதல் சிகிச்சை. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. பிரிவுத் துயருக்கு, பயிற்சியோடு சேர்த்துத் தர ஃப்ளூவாக்சடின் மாத்திரைக்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாலைத்திணைக்கு இப்படியொரு வசதி சங்கத் தலைவியர்க்கு இருந்ததில்லை. வீட்டு அலமாரியில் உள்ள மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுத்துப் பார்ப்பது இச்சிகிச்சையில் சேராது.

படுக்குமுன் சுற்றும் இரண்டு மூன்று சுற்றுக்கும், எப்போதாவது சப்பும் போர்வைக்கும் மருந்து எதுவும் வேண்டாம்.