கேம்பர்வேன் எத்திணை? முதல் நாளை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் காலத்தில் கேம்பர்வேன் கிடையாது. ஐந்திணைப் பகுப்பில் அதற்கு இடமில்லாமல் போனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் வந்த உரையாசிரியர்களும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் வருத்தம். கணவனும் மனைவியுமாகக் கேம்பர்வேனில் கிளம்பும் முதல் நாள் எந்தத் திணையில் அடங்கும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினா. களம், நியூசிலாந்தின் தென்தீவில் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து டெகாபோ ஏரி வரை, ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஒரு தமிழ்த் தம்பதி. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது இலக்கணம். ஆகவே தலைவன், தலைவி.

முன்னோடிகளைப் பார்த்துவிடுவோம். 1931இல் ஜெர்மனியின் இஸ்னி ஊரைச் சேர்ந்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர் தொழில் நிமித்தம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நம் இலக்கணப்படி இது பொருள்வயிற் பிரிவு. சங்கத் தலைவியாக இருந்தால் வளை கழன்று விழும்வரை காத்திருப்பாள். டெத்லெஃப்ஸுக்கு மனைவியாக வரவிருந்த ஃப்ரீடல் எடெல்மான் ஓர் ஓவியர். தானும் கூட வர வேண்டும், போகிற இடத்தில் படமும் வரைய வேண்டும் என்றார். விளைவு, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு சிறு வீடு. ஜெர்மனியின் முதல் காரவான் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். 1951இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள்ளேயே படுக்கையையும் அலமாரியையும் பொருத்தித் தந்தது. பசலை நோய்க்கு மருந்து தச்சுப் பட்டறையில் இருந்திருக்கிறது.

முதல் கருதுகோள்: இது பாலை, துறை உடன்போக்கு. சான்றுகள் வலுவாகவே இருக்கின்றன. வண்டியைக் கையில் வாங்குவது நண்பகலில். அது பாலைக்குரிய பொழுது. பாலைக்கென்று தனி நிலம் இல்லை, கேம்பர்வேனுக்கும் இல்லை. உடன்போக்கில் செவிலித்தாய் சுரம் முழுக்கத் தேடி அலைவாள். இங்கே வாட்ஸப்பில், “சாப்டீங்களா? அங்க குளிரா?” என்று வந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் ஊரைத் தாண்டிய சிறிது நேரத்தில் கருதுகோள் ஆட்டம் காண்கிறது. கேன்டர்பரி சமவெளி நியூசிலாந்திலேயே அதிகம் பாசனம் பெறும் பகுதி. சக்கரம் வைத்த நீண்ட பாசனக் குழாய்கள் வயலைச் சுற்றி ஊர்ந்தபடி தண்ணீர் தெளிக்கின்றன. பசுமாடுகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ரகாயா ஆற்றின் மேல் சுமார் 1.75 கிலோமீட்டர் நீளத்துக்கு, நாட்டிலேயே நீளமான சாலைப் பாலம். வயலும் வயல் சார்ந்த இடமும் எந்தத் திணை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். மருதத்தின் உரிப்பொருள் எது என்பது தலைவனுக்கு அடுத்த ரவுண்டானாவில் தெரிந்தது.

அங்கே கரண்டி டிராயர் முழுசாகத் திறந்துகொண்டது. அந்த டிராயரில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் டிராயர் திறக்கும். உள்ளே அழுத்தினால்தான் பூட்டும். டெப்போவில் வண்டியைக் கொடுத்த பெண் இதையும், வண்டி ஓடும்போது கேஸ் சிலிண்டரை மூடி வைக்க வேண்டும் என்பதையும், வேறு பலவற்றையும் வரிசையாகச் சொன்னார். தலைவன் தலையாட்டினான். தலைவி வீடியோ எடுத்தாள். அந்த வீடியோவைப் பின்னர் யாரும் பார்த்ததற்கான சான்று இல்லை. “பூட்டச் சொன்னாங்கல்ல?” “உன்கிட்டதானே சொன்னாங்க?” மருதத்தின் கருப்பொருளில் பறை எது என்பதில் இனி ஐயமில்லை: அலமாரிக்குள் கடகடக்கும் கோப்பை.

சங்க மருதத்தில் ஊடலுக்குக் காரணம் பரத்தை. கேம்பர்வேன் மருதத்தில் காரணம் தண்ணீர். இந்த நாட்டில் கழிவறை வசதியில்லாத இடங்களில் வண்டியை நிறுத்தி இரவு தங்க, வண்டி தன்னிறைவு பெற்றது என்று சான்றிதழ் வேண்டும். அதன்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்காவது நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். இருவருக்கு 24 லிட்டர், அதாவது இரண்டு குடத்துக்கும் குறைவு. வாடகை வண்டிகளில் டேங்க் இதைவிடப் பெரியதுதான். ஆனாலும் தலைவன் அரிசியை மூன்றாம் தடவை கழுவும்போது தலைவி மீட்டரைப் பார்க்கிற பார்வை, பொதுக்குழாயடியில் வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கே உரியது.

2023இல் வந்த சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், சான்றிதழுக்குக் கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றது. படுக்கையை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. திருமணமானவர் ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. யாமம் குறிஞ்சிக்குரிய சிறுபொழுது. புணர்தல் அதன் உரிப்பொருள். கேம்பர்வேனில் யாமத்தில் நடப்பதோ, ஜன்னலோரம் படுத்தவர் மற்றவரைத் தாண்டி இறங்குவது. கழிவு சேரும் பெட்டிக்கு கேசட் என்று பெயர். அதை யார் கொண்டுபோய்க் கொட்டுவது என்பது பற்றி இலக்கண நூல்கள் மௌனம் சாதிக்கின்றன.

டெகாபோவில் கண்டோர் கூற்று நிகழ்கிறது. முகாமில் புதிதாக ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் பக்கத்து வண்டிக்காரர்கள் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

“வரலாம், வரலாம்… லெஃப்ட்ல ஒடிங்க!”

“உன் லெஃப்டா, என் லெஃப்டா?”

“ஏங்க, மரம்!”

தரை சமமாக இல்லாவிட்டால் சிங்க்கில் தண்ணீர் வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் போய்த் தேங்கும். தூங்கும்போது தலைப்பக்கம் தாழும். அதற்காகச் சக்கரத்தடியில் ஆப்புக்கட்டை வைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி, கண்டோர் இரண்டாவது கோப்பைக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் கட்டையை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மருதத்தில் ஊடல் தீர்க்கத் தூது வரும் பாணனின் இடம் அவருக்கே சேரும்.

டெகாபோவும் சுற்றுப்புறமும் 2012 முதல் சர்வதேச இருள்வானக் காப்பகம். 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. செயற்கை வெளிச்சத்துக்கு அங்கே கட்டுப்பாடு. பால்வீதியை வெறுங்கண்ணால் பார்ப்பதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். தலைவனும் தலைவியும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, படுக்கைக்கான மூன்று மெத்தைத் துண்டுகளில் எது நடுவில் வரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆக, இது மருதமே.

மாற்றுச் சான்றாக ஒரு ஜோடியை மட்டும் சொல்லலாம். 1982 மே மாதம் அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரும் மனைவி கரோல் டன்லப்பும் சிவப்பு ஃபோக்ஸ்வாகன் வேனில் பாரிஸிலிருந்து மார்செய்க்குப் புறப்பட்டார்கள். ஒரே நாளில் ஓட்டி முடிக்கக்கூடிய நெடுஞ்சாலை அது. அதை விட்டு வெளியேறாமல், நாளைக்கு இரண்டே ஓய்விடம் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அதைப் புதுநிலம் தேடிப் போன பயணிகளின் பாணியில் புத்தகமாகவும் எழுதினார்கள். முதல் நாளன்று அவர்கள் கடந்த தூரம் ஒரு மதுரைக்காரர் காபிக்காகப் போகிற தூரம்தான் இருக்கும்.

எனவே வண்டி எடுக்க இருப்பவர்கள் முதல் நாளே டெகாபோ வரை போக வேண்டாம். பாதி வழிக்குச் சற்று மேலே ஜெரால்டின் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே அங்கே நிறுத்திவிடுங்கள். கேசட் யார் பொறுப்பு என்பதை டெப்போவை விட்டுக் கிளம்புமுன் பேசி முடித்துவிடுங்கள்.