ஸ்கேனர் சித்தப்பா

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி கீழே இறங்க ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். வெள்ளையடிப்பு, வீட்டு விற்பனை, இல்லையென்றால் ஒரு கருமாதி. பெட்டியைத் திறந்ததும் ஆல்பங்களும், ஓரத்தில் பல்வெட்டு வைத்த சின்னச் சின்னப் படங்களும், கலர் லேபின் காகித உறைக்குள் சுருண்ட நெகட்டிவ் துண்டுகளும், அமெரிக்கா போன யாரோ கொண்டுவந்த ஒரு டப்பா ஸ்லைடும் வெளியே வரும். எல்லாரும் அரைமணி நேரம் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் போகமாட்டார். ஒரு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "இதையெல்லாம் டிஜிட்டல் பண்ணிடணும்" என்பார். ஸ்கேனர் சித்தப்பா அந்த நிமிடத்தில்தான் பிறக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர், பைல் என்றால் மரியாதை உள்ளவர், ஓய்வூதியம் வந்த மாதமே மூடியில் விளக்கு வைத்த ஸ்கேனர் ஒன்றை வாங்கியவர். அவரைக் கேலி செய்யாத வீடு கிடையாது. அவரைத் தவிர வேறு யாரும் அந்த வேலையைத் தொடப்போவதில்லை என்பதும் அந்த வீட்டுக்குத் தெரியும். எனக்கும் அவர்மேல் ஒரு புகார் உண்டு, ஆனால் அது வீட்டாரின் புகார் அல்ல. அவர் இந்த வேலைக்கு அதிக நேரம் செலவிடுகிறார் என்கிறார்கள் அவர்கள். அந்த நேரத்தையெல்லாம் தூசிக்குக் கொடுத்துவிட்டுப் படத்தில் இருப்பவர்களின் பெயருக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை என்கிறேன் நான். தூசியோடு மல்லுக்கட்டுவது சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவதைவிடச் சுலபம் என்று அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்.

அவர் வைத்திருக்கும் எண்களே இதற்குச் சாட்சி. நம் ஊர் வீடுகளில் ஒரு காலத்தில் அதிகம் புழங்கிய கேமராக்களில் ஒன்று அக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது, எளிய ஒற்றை லென்ஸ், ஒரு சுருளுக்கு 12 சதுரப் படம். அந்த லென்ஸ் முகத்தைக் காட்டியதே பெரிய காரியம். அதில் எடுத்த நெகட்டிவை சித்தப்பா 4800 டிபிஐயில் ஸ்கேன் செய்வார். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்குச் சுமார் 11 கோடிப் புள்ளிகள், அவர் வற்புறுத்தும் 48 பிட் டிஃப் வடிவத்தில் ஏறத்தாழ 670 எம்பி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் இப்படி 22 படம் வைக்கலாம், அதற்குமேல் மூச்சு விட இடமிருக்காது. ஸ்கேனர் பெட்டியில் எந்த எண்ணை அச்சிட்டிருந்தாலும், இந்தச் சமதளக் கண்ணாடி ஸ்கேனர்கள் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதைவிடக் கணிசமாகக் குறைவு என்பது சோதித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் 'பின்னால் வருத்தப்படக் கூடாது' என்பார். அவர் வருத்தப்பட வேண்டிய இடம் வேறு என்பது அவர் காதில் ஏறாது.

புள்ளி முடிந்ததும் தூசி. கலர் பிலிமில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தித் தூசியையும் கீறலையும் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. கறுப்பு வெள்ளையில் அது செல்லாது, ஏனென்றால் படத்தை உண்டாக்கும் வெள்ளித் துகளே அந்தக் கதிரை மறித்துவிடும். நெகட்டிவில் வெள்ளி அடர்ந்திருப்பது வெளுப்பான இடங்களில்தான் என்பதால், தாத்தாவின் வேட்டி முழுவதும் ஒரே தூசி என்று மென்பொருள் முடிவு கட்டிவிடும். ஆகவே சித்தப்பா மவுஸைப் பிடித்துக்கொண்டு கையாலேயே துடைக்க உட்காருகிறார். இரவு பதினொரு மணிக்கு, பல மடங்கு பெரிதாக்கிய திரையில், ஒவ்வொரு புள்ளியாக எடுத்துவிட்டுக் காலையில் பெருமையோடு காட்டுவார். குழந்தையின் கன்னத்தில் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டையும் சேர்த்து எடுத்திருப்பார். பிலிமின் பளபளப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்று பார்க்காமல் வைத்துவிட்டால் படம் இடம் வலமாகிவிடும். வெள்ளை வேட்டியில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணப் பந்தி மொத்தமும் இலையில் இடது கையால் சாப்பிடும்போதுதான் தெரியவரும்.

இவ்வளவு நுணுக்கமான மனிதர் படத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் விந்தை. படத்தின் முதுகில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, ஏனென்றால் பின்கோடே அப்போதுதான் வந்தது. முகவரியில் 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தையது. பழைய முத்திரையை வீணாக்க மனமில்லாமல் ஸ்டூடியோக்காரர் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம், அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். மையில் ஒரு தேதி, பெண் பார்க்கும் படலத்துக்காக அனுப்பிய படமென்றால் மூலையில் ஒரு நட்சத்திரம், கோத்திரம், அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் 'திருப்பி அனுப்பவும்'. இதையெல்லாம் இன்னொரு முறை கண்ணாடியில் கவிழ்த்து வைத்தால் நிமிடத்தில் பதிவாகிவிடும். சித்தப்பா வைப்பதில்லை. பின்பக்கத்தில் சரிசெய்ய அவருக்கு நிறம் இல்லை, கூர்மை இல்லை, தூசிகூட இல்லை. முன்பக்கத்துக்குக் கணினி ஒரு தேதி கொடுத்துவிடும், அது ஸ்கேன் செய்த தேதி. 1958ஆம் ஆண்டுக் கல்யாணம் போன தீபாவளி வாரத்தில் நடந்ததாகக் கோப்பில் ஏறும்.

கோப்புப் பெயர்களைப் பாருங்கள். 'அப்பா ஆபீஸ் 01', 'அப்பா நண்பர்களுடன்', 'அப்பாவும் மற்றவர்களும்'. அந்த மற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனவர்கள், வந்த வீட்டில் 'திருச்சியிலிருந்து வந்தவள்' என்றே அழைக்கப்பட்டவர்கள், ஒவ்வொரு குழுப் படத்திலும் ஓரமாக ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள். அவர்களுக்குச் சித்தப்பாவின் அடுக்கில் தனிக் கோப்புறை கிடையாது. சில படங்களில் ஒரு முகத்தை மட்டும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்திருக்கும். அதை அவர் 'சேதம்' என்ற கோப்புறையில் போட்டு வைப்பார். அது சேதமல்ல, பாகப்பிரிவினை. யார் வெட்டினார், யாரை வெட்டினார், எந்த நிலத்துக்காக வெட்டினார் என்று சொல்லக்கூடிய அத்தை ஒருவர் அடுத்த அறையிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அண்மையில் செயற்கை நுண்ணறிவும் துணைக்கு வந்திருக்கிறது. மங்கிய முகத்தைக் கொடுத்தால் தெளிவாக்கித் தரும், ஆனால் தெளிவாவது பாட்டியின் முகம்தான் என்று உத்தரவாதம் இல்லை. பார்வைக்கு லட்சணமான, வரிசைப் பற்கள் கொண்ட, யாருக்கும் உறவில்லாத ஒரு பெண்மணி கிடைப்பார். சித்தப்பா அவரையும் பத்திரப்படுத்துவார்.

படம்தான் முதலில் அழியும், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் தரப்பில் ஒரு வாதம் உண்டு. பாதி நியாயம்தான். பழைய கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் இருந்தாலும் முதலில் வெளுக்கிறது. அதனால்தான் 1970களின் கல்யாணங்கள் எல்லாம் இன்று செக்கச்செவேலென்று இருக்கின்றன. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கினால் பெட்டியைத் திறக்கும்போதே வினிகர் வாடை மூக்கில் ஏறும். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் பிலிமின் ஜெலட்டின் மேல் பூஞ்சை குடியேறுவதும் உண்மை. ஆனால் ஒழுங்காகக் கழுவி உலர்ந்த இடத்தில் வைத்த கறுப்பு வெள்ளைப் பிரதி எளிதில் போய்விடாது. அதிலிருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய அத்தைக்கு வயது எண்பத்தைந்து. இரண்டில் எது அவசரம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அப்படியிருந்தும் சித்தப்பா தொடங்குவது ஸ்லைடில், அதுவும் நயாகராவில். அருவி ஓடிப்போகாது. கோடாக்ரோமோ, இருட்டில் வைத்தால் நிறம் கெடாமல் நிற்பதில் பெயர் பெற்ற பிலிம், அதுவும் ஓடிப்போகாது. ஆனால் ஸ்லைடு பொருத்தும் சட்டம் ஸ்கேனரோடு புதிதாக வந்திருக்கிறதே, அதைப் பயன்படுத்தாமல் எப்படி இருப்பது?

'கேட்காமலா இருக்கிறேன், குடும்பக் குரூப்பில் போடுகிறேனே' என்றும் சொல்வார். போடுகிறார். அங்கே 11 கோடிப் புள்ளிகள் வழக்கமான தரத்தில் இருபது, இருபத்தைந்து லட்சமாகச் சுருங்குகின்றன. படத்துக்குள் எழுதி வைத்த குறிப்பு ஏதாவது இருந்தால் அதுவும் உதிர்ந்துவிடுகிறது. 'இடமிருந்து மூன்றாவது யார்?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள்: ஆறு கைகூப்பல், நான்கு இதயம், ஒரு 'சூப்பர் சித்தப்பா', பெங்களூரிலிருந்து ஒரு 'பாட்டி அப்படியே நம்ம திவ்யா மாதிரி'. பதில் தெரிந்த அத்தையிடம் பட்டன் போன்தான் இருக்கிறது.

பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களால் என்ன பயன் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பயன் தெரியவில்லை என்றால், பெயர் போன படத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்ட ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறார்கள். நாற்காலி, திரைச்சீலை, பூந்தொட்டி மேசை, உடுத்திய விதம் என்று ஒரு சமூகமே தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அவை பெரிய சாட்சி. ஆனால் எவ்வளவு கெட்டிக்கார நிறுவனமும் நாற்காலியில் இருப்பவரின் பெயரை வீட்டுக்காரர் சொல்லாமல் கண்டுபிடித்துவிட முடியாது. புள்ளிகளை நிறுவனம் பார்த்துக்கொள்ளும், சித்தப்பாவைவிட நன்றாகவே. அவரால் மட்டும் முடிகிற வேலை அடுத்த அறையில் இருக்கிறது.

இத்தனைக்கும் அவரிடமிருந்து நல்ல பதிவுகளும் வந்திருக்கின்றன. அவை எப்போது வருகின்றன என்று கவனித்தால் ஒரு ஒற்றுமை தெரியும். உச்சத் தரத்தில் ஒரு பிரேம் முடிய ஸ்கேனர் பல நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கணினியில் வேறு எதுவும் செய்ய முடியாது, எழுந்து போகவும் மனம் வராது. அப்போது காப்பி கொண்டுவந்த அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் மேலிருந்து மெல்ல இறங்கும் படத்தைப் பார்த்தபடி, "இது நம்ம கோமு இல்லையோ, அடையாறு வீட்டுக் கிணத்தடி, அன்னிக்குத்தான் அவ ஸ்கூலை நிறுத்தினா" என்று ஆரம்பிப்பார். யார் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், அந்தப் புடவை கறுப்பல்ல, மயில்கழுத்து என்பது வரை வந்துவிடும். சித்தப்பாவும் வேறு வழியில்லாமல், கையில் கிடைத்த கேஸ் பில்லின் பின்னால் குறித்து வைப்பார். அவருடைய சேமிப்பில் நம்பத்தக்க விவரங்கள் அநேகமாக எல்லாம் இந்த மந்தமான இயந்திரம் ஈட்டித் தந்தவை. அது அவருக்கும் பெரிய குறையாகத்தான் தெரிகிறது. வருகிற தள்ளுபடி விற்பனையில், ஒரு பிரேமுக்கு மூன்றே வினாடி எடுக்கும் மாடலுக்கு மாறப் போகிறாராம்.