டைல்ஸுக்கு பெயின்ட்

கேள்வி: தரையில் பழைய செராமிக் டைல்ஸ், ஒரே மங்கல். பெயர்த்துப் போடக் காசில்லை. நாங்களே பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: தாராளமாக! ஆனால் டைல்ஸின் மேற்பூச்சு கண்ணாடி ஜாதி. சுவர் பெயின்டைப் பூசினால் தாமரை இலைத் தண்ணீர்தான். நாற்காலியை ஒருமுறை இழுத்தாலே தோல் தோலாக உரிந்து வரும். அதனால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, 220ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு சாகும்வரை தேயுங்கள். விரலால் தடவினால் சொரசொரக்க வேண்டும். முக்கால்வாசி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். தூசியைத் துடைத்து, காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர். அதன்மேல் இரண்டு டப்பா கலந்து பூசும் எபாக்ஸி பெயின்ட், மெல்லிசாக இரண்டு கோட். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிறகு ஒரு வாரம் தரையைப் புது மாப்பிள்ளையாக நடத்துங்கள்: கட்டில் இழுக்காமல், தண்ணீர் கொட்டாமல். எந்நேரமும் ஈரமாயிருக்கும் குளியலறைத் தரைக்கு மட்டும் வேண்டாம்.