கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்

டிசம்பர் 7, படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடி நாள். 1949 முதல் அனுசரிக்கிறார்கள். உண்டியலை நீட்டினால் சட்டைப்பையில் சில்லறை தேடுவதுபோலவே தெருவைக் கடந்துவிடும் பரம்பரை நான். இந்த வருடம் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. "மாதம் முழுக்க 100 கிலோமீட்டர் நடக்கிறேன். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் வீதம் முன்னாள் படைவீரர் நலனுக்குப் போடுங்கள், வரிவிலக்கு உண்டு" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் அறிவித்தேன். பதினேழு கட்டைவிரல், நாலு கும்பிடு, சித்தப்பாவிடமிருந்து முழங்கால் தைலம் பற்றி ஒரு வீடியோ. பணம்? அதுதான் வரவில்லை.

ஒருத்தர் முழுசாகக் கொடுத்தாலே ஆயிரம்தான். நான் ஷூவுக்குக் கொடுத்தது 3,200. (அதற்கு வரிவிலக்கு கிடையாது.)

மூன்றாம் நாள், பதினோராவது கிலோமீட்டர். குதிகாலில் கொப்புளம். டீக்கடை பெஞ்சில் எங்கள் தெரு ரிட்டயர்ட் ஹவில்தார், பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார், நொண்டுறீங்க?"

"உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார் நடக்கிறேன்."

"எனக்காகவா? அப்ப முதல்ல உக்காருங்க. பார்க்கவே கஷ்டமா இருக்கு."

என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.