உழிஞைத் திணை: சென்னை ஓட்டல் நாற்காலியை முன்வைத்து ஓர் ஆய்வு

பகைவர் கோட்டையை வளைத்துக்கொண்டு நிற்பது உழிஞைத் திணை. இதை விளக்கத் தமிழாசிரியர்கள் கரும்பலகையில் மதில், அகழி, காவற்காடு என்று வரைந்து சிரமப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு மயிலாப்பூரில் கூட்டமுள்ள டிபன் ஓட்டல் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துப் போனால் பாடம் அரைமணியில் முடிந்துவிடும். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அகத்தோன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் புறத்தோன். நடுவில் ஒரு தட்டுப் பொங்கல்.

உழிஞையை மருதத்தின் புறமாக வகுத்தவர் தொல்காப்பியர். இதற்கு உரையாசிரியர்கள் சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை, என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளலாம். மருதம் நெல் விளையும் நிலம். அதன் சிறுபொழுது விடியல். நெல்லும் விடியலும் சேர்ந்தால் இட்லி. இட்லி இருக்குமிடத்தில் முற்றுகை வராமல் என்ன செய்யும்?

முற்றுகைக்கு முன் நல்ல நாள் பார்த்து அரசனின் குடையை முன்னால் அனுப்பிவைப்பது குடைநாட்கோள் என்னும் துறை. மன்னர்கள் போனாலும் வழக்கம் போகவில்லை. கணவன் வண்டியை நிறுத்த இடம் தேடும்போது மனைவி முன்னால் ஓடிவந்து, காலியாகப்போகும் நாற்காலியின் மேல் குடையையோ துணிப்பையையோ போடுகிறார். குடை அகப்படாதவர்கள் கைக்குட்டை போடுவார்கள். அது பஸ்ஸிலிருந்து வந்த வழக்கு. இலக்கணத் தூய்மை குறைவு.

அடுத்து விரிச்சி. போருக்குப் புறப்படுமுன் பிறர் தற்செயலாகப் பேசும் சொல்லில் நிமித்தம் கேட்பது. உண்மையில் இது வெட்சித் திணைக்குரியது. பசி வேளையில் திணை மயங்கும். சர்வர் குனிந்து “வேற என்ன சார்?” என்கிறார். புறத்தோர் எல்லாருக்கும் மூச்சு நிற்கிறது. “ஒரு காபி” என்றால் நற்சொல். “இன்னொரு செட் பூரி” என்றால் அந்தக் கோட்டையை விட்டு வேறு கோட்டை பார்ப்பது விவேகம். காபியிலும் நுட்பம் உண்டு. டம்ளரிலிருந்து நேரே குடிப்பவர் நான்கு நிமிடத்தில் எழுவார். டபராவில் ஊற்றி ஆற்றுகிறவர் உலக விவகாரம் பேசக்கூடியவர்.

நான் ஏமாந்ததும் காபியில்தான். ஒரு ஞாயிறன்று ஒரு பெரியவர் காபி சொன்னதைக் காதால் கேட்டு, அவர் பின்னால் உரிமையோடு நின்றேன். குடித்தார். உதட்டைத் துடைத்தார். பிறகு சர்வரைக் கூப்பிட்டு, “இப்ப ஒரு ரவா தோசை கொண்டாப்பா, முறுகலா” என்றார். காபியை முதலில் குடிக்கும் ஓர் இனம் சென்னையில் இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். ரவா தோசை முறுகலாக வர எவ்வளவு நேரமாகும் என்பதை நின்றவர்கள் மட்டுமே அறிவார்கள்.

இங்கேதான் மரபுக்கும் ஓட்டலுக்கும் பெரிய முரண் எழுகிறது. கோட்டையை முற்றினால் உள்ளே இருப்பவனுக்கு உணவு தீரவேண்டும். போர்நூல் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்தபோது, உள்ளே மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் எல்லாம் உழாமலே விளைகின்றன என்று கபிலர் எச்சரித்தார். ஓட்டல் அகத்தோன் நிலை பாரியைவிடப் பலமானது. கை தூக்கினால் சாம்பார் வருகிறது. தூக்காவிட்டாலும் சட்னி வருகிறது. முற்றுகையிட்டவனுக்குத்தான் பசி.

முற்றுகையே நடவாத ஓட்டலும் இந்நகரில் இருந்தது. கதீட்ரல் சாலையில் 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காருக்கே தட்டு வந்தது. சொந்த இருக்கையோடு வருகிறவன் பின்னால் யார் நிற்பது? 2008இல் அதை மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா.

முற்றுகையைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு இப்போது ஏசி ஹால் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி உள்ள ஓட்டலுக்கு 18 சதவீதம், இல்லாததற்கு 12. அதே ஆண்டு நவம்பரில் பொதுவாக இரண்டும் 5 ஆயின. அரசாங்கம் கைவிட்ட வேற்றுமையைப் பல ஓட்டல்கள் கைவிடவில்லை. அதே தோசைக்கு உள்ளே விலை கூடுதல். அந்தக் காசு குளிருக்கு என்று நினைப்பது பிழை. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்காமல் இருப்பதற்கு. மால்களில் வாசலிலேயே பெயர் எழுதிக்கொண்டு கூப்பிடுகிறார்கள். ஒழுங்குதான், ஆனால் அதில் திணை இல்லை.

மெய்யான உழிஞை ஒன்றையும் இந்நகரத்து ஓட்டல் வாசல் கண்டிருக்கிறது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால், பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். சொல் கடைசியில் இறங்கியது. அவர்கள் நின்றது தோசைக்காக அல்ல. இன்று முன்பின் தெரியாத நால்வர் ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் என்ன என்று கேட்காமல் சட்னிக் கிண்ணத்தை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொள்கிறார்கள். நான் ஆராய்ந்து கொண்டிருக்கும் நாற்காலி சும்மா வந்ததல்ல.

மிஞ்சியிருப்பது நொச்சிச் சிக்கல். உள்ளிருந்து கோட்டையைக் காப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சி என்று தனித் திணையாக்குகிறது. தொல்காப்பியம் அதை உழிஞைக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. எது சரி என்று வெகுநாள் குழம்பினேன். ரவா தோசைப் பெரியவர் எழுந்த பிறகு துடைக்காத மேசையில் உட்கார்ந்து, க்ளீனர் வர ஐந்து நிமிடம், சர்வர் வர இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்து, முதல் விள்ளலை வாயில் வைத்தபோது என் நாற்காலியின் முதுகை யாரோ பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், கையில் குடை. சற்றுமுன் நான் பார்த்த அதே பார்வை. தொல்காப்பியரே சரி: உட்கார்ந்தவனும் நின்றவன்தான், இரண்டும் ஒரே திணை.

என்றாலும் நான் இப்போது காபியை முதலில் குடிக்கிறேன். ஞாயிறு எட்டரைக்கு மேல் வருபவர்கள் தயவுசெய்து வேறு நாற்காலி பார்த்துக்கொள்ளவும்.