பழங்கணினிக்கு ராம் ஏற்றுதல்: புணர்ச்சி விதிகளும் பிஸ்கட் டின் மரபும்

ஆய்வெல்லையை முதலில் வரையறுத்துவிடுவதே முறை. தெற்கே செரண்டா, வடக்கே ராசா, கிழக்கே கெந்திங் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை, மேற்கே கண்ணுக்கெட்டியவரை செம்பனை. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட பத்தாங் காலியில், தாமான் வீட்டுக் கூடத்தின் மூலையில், பழைய கைலி போர்த்தி வைக்கப்பட்ட மேசைக் கணினிகளே இவ்வாய்வின் மூலங்கள். மடிக்கணினிகள் விலக்கப்பட்டன. அவற்றின் திருகாணிகள் மிகச் சிறியவை. ஆய்வாளரின் மூக்குக்கண்ணாடி மிகப் பழையது.

கருதுகோள் ஒன்றே. எந்த வீட்டிலும் ராம் கூட்டுவது கணினி வேகமாக ஓடுவதற்காக அல்ல. புதுக் கணினி வாங்கும் பேச்சை அடுத்த தீபாவளிக்குத் தள்ளுவதற்காக.

கணினி இவ்வட்டார வீடுகளுக்குள் நுழைந்த வரலாறு இதற்கு முதல் சான்று. 2000ஆம் ஆண்டில் இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்று ஒரு வழி திறந்தது. ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வரவேண்டிய காசு, பிள்ளையின் படிப்பைச் சொல்லி, வெளிர்மஞ்சள் பெட்டியாக முன்கூட்டியே வீட்டுக்கு வந்தது. ஓய்வூதியத்தை அறுத்து வாங்கிய பொருளை யார் தூக்கி எறிவார்? ஆகவே அது சாகக் கூடாது. மூத்தவனிடமிருந்து இளையவளுக்கு, இளையவளிடமிருந்து அத்தை வீட்டுக்கு, அங்கிருந்து கோயில் அலுவலகத்துக்கு என்று அது இடம் மாறலாம். இறப்பு மட்டும் அனுமதிக்கப்படவில்லை.

ஆனால் மென்பொருள் எழுதுவோர் பத்தாங் காலியைக் கலந்து முடிவெடுப்பதில்லை. விண்டோஸ் 98க்குக் குறைந்தது 16 மெகாபைட் ராம் போதும் என்றார்கள். 2001இல் எக்ஸ்பி 64 கேட்டது. 128 இருந்தால் நல்லது என்று இழுத்தது. 2007இல் விஸ்டா 512. 2009இல் விண்டோஸ் 7 ஒரு ஜிபி. 2021இல் விண்டோஸ் 11 நான்கு ஜிபி. இருபத்து மூன்று ஆண்டில் 256 மடங்கு. அதே காலத்தில் எந்தத் தோட்டத்திலும் எந்தச் சம்பளமும் இப்படி ஏறியதாக ஆவணம் இல்லை. 'குறைந்தபட்சம்' என்னும் சொல்லாட்சிக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கமும் கவனிக்கத்தக்கது: கணினி திறக்கும், ஆனால் அதில் நீங்கள் எதையும் திறக்கக் கூடாது.

எதிர்ச்சான்றை மறைப்பது ஆய்வறம் ஆகாது. 1985இல் நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்தில், டாஸ் நிரல்கள் புழங்கக் கிடைத்த இடம் 640 கிலோபைட். தமிழின் 247 எழுத்தும் அதற்குள் இடித்துப்பிடித்து உட்கார்ந்துகொண்டன. இன்று அதே எழுத்துகளில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை தட்ட உலாவியில் ஒரு பக்கம் திறந்தாலே, அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் விழுங்குகிறது. எழுத்து கூடவில்லை. காதும் இரண்டுதான்.

ராமின் இயல்பு பற்றிச் சில சொற்கள். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஐ.பி.எம். நிறுவனத்து ராபர்ட் டெனார்ட் இதற்கு 1968இல் காப்புரிமை பெற்றார். மின்தேக்கியில் வைத்தது கசிந்துகொண்டே இருக்கும். எனவே 64 மில்லி வினாடிக்குள் ஒரு முறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். ஓயாமல் நினைவூட்டினால்தான் நினைவிருக்கும் என்னும் இக்கொள்கையை, தண்ணீர் பில் கட்டச் சொல்லும் தாய்மார்கள் டெனார்டுக்கு முன்பே கண்டறிந்திருந்தனர். காப்புரிமை கோரவில்லை.

ராம் நிரம்பினால் கணினி நின்றுவிடாது. வழிவதை வன்தட்டில் கொண்டுபோய் வைக்கும்; கேட்டால் தேடி எடுத்துவரும். ராம் நானோ வினாடிக் கணக்கில் தருவதை, சுழலும் வன்தட்டு மில்லி வினாடிக் கணக்கில் தரும். வேறுபாடு ஏறத்தாழ லட்சம் மடங்கு. பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய, உள்ளே கரகரவென்று சத்தம் கேட்க, திரையில் மணற்கடிகாரம் சுற்றும் நிலை இது. எங்கள் வீட்டு வழக்கில் "கம்ப்யூட்டர் யோசிக்குது" என்பர். இந்நிலையில் அம்மா அதற்குத் தொந்தரவு தர மாட்டார். எலியையும் தொடவிட மாட்டார்.

இனி ஆய்வின் மையப் பகுதிக்கு வருவோம். தாய்ப்பலகையில் உள்ள செருகிடத்தை நிலைமொழி என்றும், கடையிலிருந்து வரும் ராம் பலகையை வருமொழி என்றும் கொண்டால், நம் இலக்கணிகள் சொன்ன புணர்ச்சி விதிகள் அனைத்தும் இங்குப் பிசகின்றிப் பொருந்துகின்றன. இயல்புப் புணர்ச்சியில் எந்த மாற்றமும் இல்லை: இரு கட்டைவிரலால் சமமாக அழுத்த, இரு முனைக் கொக்கிகளும் 'டக்' என்று தாமே மூடிக்கொள்ளும். விகாரப் புணர்ச்சிதான் மூவகை.

முதலாவது தோன்றல். இரு மொழிக்கு நடுவே அதுவரை இல்லாத ஒலி ஒன்று தோன்றுவது. ராம் சரியாக உட்காராத கணினியைத் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்க, பெட்டியிலிருந்து நீண்ட பீப் ஒலி விட்டுவிட்டு வரும். கூடத்தில் இருப்போர் முதலில் பார்ப்பது வாசலில் லாரி பின்னால் வருகிறதா என்று.

இரண்டாவது திரிதல். 1600 வேகப் பலகையை 1333 வேகப் பலகையின் பக்கத்தில் செருகினால் இரண்டும் 1333இல்தான் ஓடும். வேகமானது மெதுவானதாகத் திரியுமே தவிர, மெதுவானது ஒருபோதும் வேகமானதாகத் திரியாது. விலை கொடுத்தவர் இதை ஏற்க மறுப்பார்; விதி மாறாது.

மூன்றாவது கெடுதல். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் தொடுமுனை 240, நீளமும் ஒன்றே. ஆனால் அடியில் உள்ள சிறு வெட்டு இடம் மாறியிருக்கும்; மின்னழுத்தமும் 1.8 வோல்ட்டிலிருந்து 1.5க்கு இறங்கியிருக்கும். 'கொஞ்சம் அழுத்துனா போயிடும்' என்னும் நம்பிக்கையுடன் தோட்டத்துக் கைபலம் காட்டுவோரிடம் நிலைமொழியும் கெடும், வருமொழியும் கெடும்.

இவற்றுள் அடங்காத ஒன்றும் உண்டு. 32 பிட் விண்டோஸ் உள்ள கணினியில் நான்கு ஜிபி போட்டால், திரையில் மூன்றேகால் போலத்தான் காட்டும். முகவரிகளின் ஒரு பகுதியைத் திரை அட்டை முதலான உறுப்புகள் பிடித்துக்கொள்வதே காரணம். காசு கொடுத்தவர் முக்கால் ஜிபியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டதாகவே கருதி மறுநாள் கொம்யூட்டர் ரயில் ஏறிவிடுவார். இலக்கணம் தெரிந்தவர் பதற மாட்டார். இருக்கிறது, ஆனால் வெளிப்பட்டு நிற்கவில்லை, அது தொகை.

தோன்றல் விகாரத்துக்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் பரிகாரம் தனி இயலுக்கு உரியது. ஈரக் காற்றில் மங்கிப்போன பொன்முலாம் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவது. பத்தில் பல முறை பீப் நின்றுவிடும். பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்று இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறித்துவைத்தார். பிரேசில் வித்தின் வழிவந்த கன்றுகள் 1877இல் கோல கங்சாரில் ஊன்றின. அதன்பின் நம் முன்னோர் கப்பலேறி வந்து, விடிவதற்குள் பால்மரம் வெட்டி, மங்கில் சுமந்து, சீட்டு உருட்டியதெல்லாம், பேரனின் ராம் பலகையைத் துடைக்க வேண்டித்தானோ என்று ஓர் ஆய்வாளன் எண்ணுவதில் தவறில்லை. இன்று கடையில் கிடைக்கும் அழிப்பான்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் என்பது இந்த எண்ணத்துக்கு இடையூறாக இருப்பதால் அது இங்கே விவாதிக்கப்படவில்லை.

பல்லி பற்றி ஒரு குறிப்பு. பெட்டியின் வெதுவெதுப்பை விரும்பிப் பல்லி உள்ளே முட்டையிடுவது இங்கே வழக்கம். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்றெல்லாம் பலன் எழுதிய பஞ்சாங்கங்கள், இரண்டாம் செருகிடத்தில் விழுந்தால் என்ன பலன் என்பது பற்றி மௌனம் சாதிக்கின்றன. இடைவெளியை யாராவது நிரப்பலாம்.

கழற்றிய பழைய ராம் எங்கே போகிறது? எறியப்படுவதில்லை. அலமாரி உச்சியில் உள்ள பிஸ்கட் டின்னில், உடைந்த சாவி, தீர்ந்த பேட்டரி, எதற்கென்று தெரியாத நான்கு திருகாணிகள் ஆகியவற்றோடு சேர்கிறது. டின்னைத் திறந்தால் 168 தொடுமுனையுள்ள எஸ்டிராம் அடியிலும், 184 உள்ள டிடிஆர் அதன் மேலும், 240கள் அதற்கும் மேலும் கிடக்கும். தொல்லியலார் மண்ணடுக்கு என்பது இதையே. எந்தக் காலத்திலும் டின்னில் உள்ள ராம் மேசையில் உள்ள கணினிக்குப் பொருந்தாது. பொருந்துவது எப்போதுமே போன வருடம் அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டதாக இருக்கும்.

கருதுகோளுக்கு வலு சேர்ப்பது விலை வரலாறு. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் ஒரு ரசாயன ஆலை வெடித்தது. சில்லுகளைப் பொதியும் எப்பாக்சி பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ராம் விலை துள்ளியது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கம், மறுபடி ஏற்றம். 2013இல் சீனாவின் வூசி நகரத்து ஹைனிக்ஸ் ஆலையில் தீ, மீண்டும். இந்த மூன்று முறையும் "கொஞ்ச நாள் போகட்டும், விலை இறங்கும்" என்ற அதே வாக்கியம் எங்கள் கூடத்தில் உச்சரிக்கப்பட்டது. உச்சரித்தவர் அப்பா. கணினி வாங்கும் பேச்சும் அத்துடன் அடங்கியது.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 எங்கள் பெட்டியைப் பார்த்து வாசலிலேயே நிறுத்திவிட்டது. எட்டு ஜிபி டிடிஆர்3 போட்டு லினக்ஸ் ஏற்றலாம் என்று திட்டம் தீட்டியபோது, செயற்கை அறிவுக்கான தரவு மையங்கள் உலகத்து நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. அப்படிப்பட்ட மையங்கள் நம் ஜோகூரிலேயே வரிசையாக எழுகின்றன. ராம் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. ஆகவே கருதுகோளைச் சற்றே திருத்த நேர்கிறது: இப்போது ராம் வாங்கும் பேச்சைத் தள்ளிப்போட வேறொன்று தேவைப்படுகிறது.

"மாமா, ராமெல்லாம் விடுங்க. ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா அதுவே பறக்கும்" என்றான் தங்கை மகன். பழங்கணினியின் மந்தத்துக்கு முதல் குற்றவாளி சுழலும் வன்தட்டுதான் என்பதால் அவன் சொன்னது சரியே. இத்தனை ஆண்டும் இதைச் சொல்லாததற்குக் காரணம் கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றான். மறுநாள் அவனே போன் செய்து, எஸ்எஸ்டி விலையும் ஏறிவிட்டதாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றான்.